பென்சில் கறை

மகள் வரலாற்றுத் தாள் எழுதிவிட்டு வந்தவள், காலுறையைக்கூடக் கழற்றாமல் கைப்பேசியோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "பதினேழுக்கு என்னடி போட்ட? சி-யா? போச்சு, நான் ஏ." நாற்பது கேள்விக்கு ஒரு மணி நேரம், விடை ஒப்பிட மட்டும் பொழுது சாய்கிறவரை. 2013 முதல் வரலாற்றில் தேறாதவர்களுக்கு எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. பிள்ளைகளின் பதற்றம் எனக்குப் புரிகிறது. அவள் வலது கையில், சுண்டுவிரலுக்குக் கீழே, டூபி பென்சில் கறை சாம்பலாய் மின்னியது. எனக்கும் அதே இடத்தில்தான் இருந்தது.

நான் அந்தத் தாளை எழுதிய அன்று ஈப்போவில் மழை. நவம்பர் மாதம் அங்கே அப்படித்தான். புந்தோங்கில் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். தேர்வு முடிந்து நாங்கள் மூன்று பேர் பழைய நகரத்துக் கடிகாரக் கோபுரத்தடியில் ஒதுங்கினோம். கையில் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே. முறுக்குத் துண்டைக் கடித்தபடியே விடைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம்.

பர்ச் கேள்வியில் சண்டையே வரவில்லை. பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச், 1875 நவம்பர் 2-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். நாங்கள் சாய்ந்து நின்ற கோபுரமே அவர் நினைவாக 1909-இல் எழுப்பியதுதான். பக்கத்துச் சாலைக்கு, அந்தக் கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட டத்தோ சாகோரின் பெயர். கல் ஒருவருக்கு, தெரு மற்றவருக்கு. அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. டத்தோ சாகோரையும் டத்தோ மகாராஜா லேலாவையும் தூக்கிலிட்டது 1877-இல். அதே ஆண்டுதான் கோலகங்சாரில் 9 ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அந்த மரம்தான் எங்கள் சனத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது.

பிறகு அவசரகாலக் கேள்விக்கு வந்தோம். 1948-இல் அவசரகாலம் அறிவிக்க உடனடிக் காரணம் என்ன?

"புக்கிட் கெப்போங் போலீஸ் நிலையத் தாக்குதல்" என்றேன்.

பத்து காஜாவிலிருந்து வரும் தோழி மெல்லுவதை நிறுத்தினாள். "அது 1950டி, ஜொகூர்ல. தோட்டத் துரைங்க மூணு பேரைச் சுட்டதுதான் காரணம். சுங்கை சிப்புட்ல! நீ சுங்கை சிப்புட்டுக்காரிதானே?"

ஒரு மதிப்பெண்தான் போயிற்று. ஆனால் அவள் கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை. எங்கள் லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்ததை, பத்து காஜாக்காரி சொல்லி நான் தெரிந்துகொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் தோட்டத்துக்குப் போனேன். பாட்டி முன்வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டேன். கை நிற்கவில்லை.

"ஆமா, எல்பில் தோட்டத்துல. பெரட்டு முடிஞ்சு மரத்துக்குப் போயிட்டோம். நான் மூணாவது நிரைல நின்னேன். தொரையச் சுட்டுட்டாங்கன்னு கங்காணி ஓடியாந்து சொன்னாரு."

"ஏன் பாட்டி இதை எங்ககிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லையே."

1948 ஜூன் 16. அன்றே பேராக்கில் சில பகுதிகளில் அவசரகாலம் வந்தது. 18-ஆம் தேதி மலாயா முழுவதும். பாட்டிக்குத் தேதி தெரியாது. வேலி தெரியும். லயத்தைச் சுற்றி முள்கம்பி, ஒரே வாசல், விடியுமுன் வரிசை. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, வேலைக்குச் சோறு கொண்டுபோகத் தடை. கடையில் டின் வாங்கினால், துளை போட்டுத்தான் கையில் கொடுப்பார்கள். ஒரு வாய் தேத்தண்ணியோடு போய், பாலை ஸ்டோரில் சேர்க்கும்வரை வெறும் வயிறு. அப்போது பெரியப்பா கைக்குழந்தை. ஒருநாள் பசி பொறுக்காது என்று பழைய சோற்றை ஒரு பிடி பிழிந்து முந்தானையில் முடிந்துகொண்டாராம். வாசலில் சோதித்த பெண் முடிச்சை அவிழ்த்துச் செம்மண் சடக்கில் உதறிவிட்டாள்.

"அதை மிதிக்காம சுத்திக்கிட்டுப் போனேன்" என்றார் பாட்டி. கீரைத்தண்டு ஒன்று கையில் முறியாமல் நின்றது. இரண்டாம் தாளில் அவசரகாலத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு வந்திருந்தேன். இந்தச் சோறு அதில் எங்குமே இல்லை. பாடநூலில் கண்டது மட்டும் வரலாறு என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வது அவர்கள் தவறல்ல; வீட்டில் நாம் பேசவில்லை.

அந்தத் தோட்டம் இப்போது செம்பனை. லயங்களை இடித்தாகிவிட்டது, மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது.

"அம்மா, அவசரகாலம் சுங்கை சிப்புட்தானே?" வாசற்படியிலிருந்து மகள் கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்போ சரி, பாட்டிம்மா கதை ஞாபகம் வந்துச்சு, உடனே கருப்படிச்சிட்டேன்" என்று திரும்பிக்கொண்டாள்.

அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. பாட்டி அதற்குப் பிறகும் 20 வருஷம் பால் வெட்டினார். தூக்குச்சட்டியில் சோறு இல்லாமல் ஒருநாளும் வெளிக்காட்டுக்குப் போனதில்லை.