தாளின் உச்சியில் ஒரு குறி

வாய் திறந்து பேசும் சொற்களைவிட, பேசாத குறிகள் பல வேளைகளில் மிகுதியாகப் பேசிவிடுகின்றன. வள்ளுவப் பெருந்தகை ‘குறிப்பறிதல்’ என்னும் ஒரே தலைப்பைப் பொருட்பாலில் 71ஆம் அதிகாரத்திற்கும், இன்பத்துப்பாலில் 110ஆம் அதிகாரத்திற்கும் சூட்டினார். அரசவையில் நிற்பவனுக்கும் அன்பு கொண்டவனுக்கும் இவ்வறிவு ஒருங்கே வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

யாம் வாழும் பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் சிறிது நேரம் நின்றால் போதும். குறிகளின் அணிவகுப்பையே காணலாம். ஓர் ஆட்டோவின் முகப்பில் 786, அடுத்ததில் வேல், அதற்கடுத்ததில் சிலுவை. மளிகைக் கடைச் சீட்டின் உச்சியிலோ ‘உ’ என்னும் பிள்ளையார் சுழி. எழுதத் தொடங்குமுன் தாளின் தலையில் ஒரு குறி இடுவது இம்மண்ணில் சமயம் கடந்த பொதுவழக்கு. எம் இல்லத்து மூத்தோர் அஞ்சலட்டையில் 786 இட்ட பின்னரே சலாம் எழுதுவர். எம்முடன் பயின்ற தோழர்களுள் ‘உ’ இட்டோரும் உளர். சிலுவை இட்டோரும் உளர். குறிகள் வேறு, ‘நல்லதாகத் தொடங்குக’ என்னும் உள்ளக் கிடக்கை ஒன்றே.

786 என்பது யாது? அரபு எழுத்துகள் இருபத்தெட்டிற்கும் 1 முதல் 1000 வரை எண்மதிப்பு உண்டு. இம்முறையை ‘அப்ஜத்’ என்பர். ‘பிஸ்மில்லாஹ்’ எனத் தொடங்கும் திருவாசகத்தின் முதற்சொல்லில் பா 2, ஸீன் 60, மீம் 40, ஆக 102. அடுத்த மூன்று சொற்களின் மதிப்பு முறையே 66, 329, 289. நான்கையும் கூட்டினால் 786. இறைவன் திருப்பெயர் எழுதிய தாள் கீழே விழுந்து மிதிபடுமோ என்று அஞ்சியவர்கள், பெயருக்கு மாற்றாக எண்ணை எழுதினர். அச்சத்தில் அன்று, மரியாதையில் பிறந்த குறி இது.

எழுத்தே எண்ணாவது தமிழர்க்குப் புதிதன்று. பழந்தமிழ் எண்முறையில் ‘எ’ ஏழு, ‘அ’ எட்டு, ‘உ’ இரண்டு, ‘வ’ கால். எட்டேகால் என்று சொல்லி ‘அவ’ என்னும் எழுத்துகளைக் குறித்த ஔவையாரின் தனிப்பாடலைத் தமிழ் மாணவர் அறிவர். அரபு மரபும் தமிழ் மரபும் இவ்விடத்தில் கைகோத்து நிற்பதைக் காண்கையில் எம் நெஞ்சம் குளிர்கிறது.

பெயர்களை இடுகுறி என்றும் காரணக்குறி என்றும் பகுத்தார் நன்னூல் செய்த பவணந்தி முனிவர். சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான தொடர்பு இல்லை. அது மக்களின் உடன்பாடே என்று மேலைநாட்டு அறிஞர் சசூர் விளக்கினார். அவர் மறைந்த பின், 1916இல் வெளிவந்த நூல் அக்கருத்தை உலகறியச் செய்தது. எம் கருத்தில், பண்பாட்டுக் குறிகளுக்கு ஓர் இடர் உண்டு. காரணத்தோடு பிறந்த குறி, காரணம் மறக்கப்பட்டதும் வெறும் இடுகுறி ஆகிவிடுகிறது. அவ்வாறு வெறுமையான குறிக்குள், அறியாதவர் தத்தம் விருப்பத்தையோ ஐயத்தையோ நிரப்பிவிடுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவர், அருகிலிருந்தவரின் ஏட்டைக் காட்டி, “இது ஏதேனும் இரகசிய எண்ணா, ஐயா?” என்று வினவினார். கேட்டவர் குரலில் பகை இல்லை, ஐயம் இருந்தது. ஏட்டுக்குரியவரோ, “வீட்டில் எழுதுவார்கள், நானும் எழுதுகிறேன்” என்றதற்கு மேல் ஒன்றும் சொல்ல அறியாது தலைகுனிந்தார். யாம் கரும்பலகையில் எழுத்தெழுத்தாக எண்களை எழுதினோம். வகுப்பே கூட்டிச் சொன்னது. பின்னர், வினவியவரிடமே ‘உ’ ஏன் என்று கேட்டோம். அவரும் அறிந்திலர். விநாயகருக்குரிய தொடக்கக் குறி என்பர் பலர். ஓலையின் பதத்தையும் எழுத்தாணியின் கூர்மையையும் சோதிக்க இட்ட சுழி என்பாரும் உளர் என்றோம். அன்று நடத்த வேண்டிய செய்யுள் நடைபெறவில்லை. எனினும், இருவர் முகத்திலும் இருந்த இறுக்கம் நீங்கிற்று.

ஐயம் ஒருபுறம் எனில், மறுபுறம் மயக்கம். 1975இல் வெளிவந்த ‘தீவார்’ என்னும் இந்திப் படத்தில், 786 எண் பொறித்த கூலித் தொழிலாளர் வில்லை கதைத்தலைவனைத் துப்பாக்கிக் குண்டினின்றும் காக்கும். அவ்வெண் கொண்ட பணத்தாளை நற்பேறு எனப் பேணுவோர் எல்லாச் சமயத்திலும் உளர். எண் திருவாசகத்திற்கு ஈடாகாது; ஓதுவதும் முழுமையாக எழுதுவதுமே முறை என்று கூறும் ஆலிம்களும் உளர். அவர்தம் கூற்றில் ஆழ்ந்த உண்மை உண்டு. குறி, பொருளைச் சுட்டும் விரல். விரலையே பொருளாகக் கொள்வது பேதைமை.

பெரியோர்களே, உங்கள் பிள்ளைகளுக்குக் குறியை மட்டும் கொடாதீர். அதன் காரணத்தையும் சேர்த்தே கொடுங்கள். மாணவச் செல்வங்களே, அடுத்தவர் ஏட்டின் உச்சியில் உள்ளதை ஐயுறுமுன், அதன் பொருளை அவரிடமே அன்போடு வினவுங்கள். உங்கள் ஏட்டில் உள்ளதன் பொருளையும் அறிந்து வையுங்கள். பல சமயத்தார் அடுத்தடுத்து வாழும் தெருவில் குறிப்பறிதல் என்பது இலக்கியப் பாடம் மட்டுமன்று. நல்ல அயலாராக வாழும் நெறியும் அதுவே என்பது எம் துணிபு.