மூன்று கட்ட அகலம்

"தம்பி, இந்தப் பெட்டியைக் கொஞ்சம் சின்னதாக்கிடலாமே" என்று அந்த மேலாளர் சொன்னபோது, அதை ஒரு வேலையாகவே நான் நினைக்கவில்லை. மூலையைப் பிடித்து இழுத்தால் ஆச்சு. ரெண்டு நொடி.

சேல்ஸ்ஃபோர்ஸில் டேஷ்போர்டு போட்டவர்களுக்குத் தெரியும், திரையின் அகலத்தை 9 கட்டமாகவோ 12 கட்டமாகவோ பிரிக்கலாம். நான் எப்பவும் 12தான். 2, 3, 4, 6 எல்லாத்தாலும் வகுபடும். நாலு பெட்டியைச் சமமா அடுக்கலாம். 9-ல் அது நடக்காது. பழைய கிளாசிக்கில் அதிகபட்சம் மூணு நெடுவரிசைதான். இஷ்டத்துக்கு இழுக்கலாம் என்று வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

கோவையில் ஒரு நிறுவனத்துக்காகச் செய்த டேஷ்போர்டு அது. பாதித் திரையில் விற்பனை வரைபடம், மீதிப் பாதியில் '30 நாளுக்கு மேல் முடியாத புகார்கள்' என்ற அட்டவணை. அட்டவணையை 6 கட்டத்திலிருந்து 3-க்குச் சுருக்கினேன், உயரத்தையும் குறைத்தேன். வரைபடம் 9-க்கு விரிந்தது. ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. அதே ரிப்போர்ட், அதே ஃபில்டர். யார் வந்து சரிபார்த்தாலும் தப்பு கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் அட்டவணையில் இப்போது நாலு வரிதான் தெரிந்தது. மிச்சத்தை உருட்டித்தான் பார்க்கணும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் யார் உருட்டப்போகிறார்கள்?

ரெண்டு மாசம் கழித்து, புகார்களைக் கவனிக்கும் பிரிவிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். "முன்னெல்லாம் எங்க லிஸ்ட்டப் பார்த்துட்டு, இன்னும் ரெண்டு ஆள் போடணும்னு மீட்டிங்ல பேசுவாங்க தம்பி. இப்ப பேச்சே இல்ல. லிஸ்ட்ட எடுத்துட்டீங்களா?"

"இல்லக்கா, அங்கதான் இருக்கு" என்றேன். பொய்யில்லை. அதுதான் உறுத்தியது.

அப்பாவின் மளிகைக் கடைக் கடன் நோட்டு ஞாபகம் வந்தது. எட்டு ரூபாய்க்கும் ஒரு வரி, எட்டாயிரத்துக்கும் ஒரு வரி. வரியின் உயரம் நோட்டிலேயே அச்சாகி வந்துவிடும். அது அப்பா கையில் இல்லை. என் கையில் இருந்தது.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். பேரம் பேசி 4 கட்டத்தில் வந்து நின்றது. அகலத்தில் விட்டதை வேறு வழியில் பிடிக்கலாம் என்று, அவரிடம் கேட்டுக்கொண்டு, வரிசையைத் திருப்பிப் போட்டேன். இனி பழைய புகார்தான் முதலில்.

மேலே வந்து நின்ற புகாருக்கு வயது 94 நாள். அதுவரை நானும் கீழே உருட்டிப் பார்த்ததில்லை.