ஒரு மணி அடித்தால் நில்

பாட்டுப் பெட்டி ஆண்டர்சன்பேட்டையில், ரிமோட் பஹ்ரைனில். என்னடா இது கூத்து என்று ஆபீசில் ஒரு நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விலாவாரியாக இங்கே எழுதி வைக்கிறேன்.

மியூசிக் பிளேயர் டீமன், சுருக்கமாக எம்பிடி. 2003-ல் வாரன் டியூக்ஸ் என்பவர் ஆரம்பித்தது. பிறகு மேக்ஸ் கெல்லர்மன் பல வருடங்களாகக் கட்டிக் காத்து வருகிறார். திறமூல மென்பொருள், காசு கிடையாது. வினாம்ப் மாதிரி இதற்கு முகம் இல்லை, பட்டன் இல்லை. பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டுக் கோப்புகளும் ஸ்பீக்கரும் அதனிடம். வேறு எங்கிருந்தாவது, நெட்வொர்க் வழியாக, போனிலிருந்தோ லேப்டாப்பிலிருந்தோ "அடுத்தது", "நிறுத்து" என்று நாம் சொல்ல வேண்டும். எத்தனை ரிமோட் வேண்டுமானாலும் சேர்ந்து கொள்ளலாம். ரிமோட்டை மூடிவிட்டாலும் பாட்டு நிற்காது.

பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால், லெட்ஜர் ஒன்றுதான். ஏடிஎம், நெட் பேங்கிங், பாஸ்புக் எல்லாம் அதைப் பார்க்கும் ஜன்னல்கள். ஒரு ஜன்னலில் பணம் எடுத்தால் மற்ற ஜன்னலிலும் உடனே தெரியும் அல்லவா? அதே கதைதான்.

இதெல்லாம் எதற்கு என்றால், நைனாவுக்காக.

நைனா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். கோலார் தங்கவயல் என்றால் இப்போது எல்லோருக்கும் சினிமாதான் ஞாபகம் வருகிறது. எங்களுக்கு அது 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான குழி. அதற்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கூண்டு, அந்தக் கூண்டை இழுக்கும் கயிறு, கயிறைச் சுற்றும் இன்ஜின், இன்ஜின் முன்னால் நைனா. கீழே இருப்பவர்களை அவர் பார்க்க முடியாது. மணிதான் பேச்சு. ஓடும்போது ஒரு மணி அடித்தால் நில். சின்ன வயதில் எங்கள் வீட்டில் அதட்டலே அப்படித்தான், தட்டின் மேல் கரண்டியால் ஒரு தட்டு! 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். நைனா மணிக்குக் காது கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

இப்போது கிளாக்கோமாவால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. அம்மா இல்லை. தங்கை பெங்களூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்து போகிறாள். அலமாரியில் 140 கேசட். எது எது என்று அவரால் படிக்க முடியவில்லை. "அதான் யூட்யூப்ல எல்லாம் இருக்கே" என்பார்கள். சீர்காழி கோவிந்தராஜன் இருக்கிறார், சரி. எங்கள் லைன் வீட்டு வாசலில் மாரியம்மன் திருவிழாவுக்கு ஷிப்டு முடிந்து வந்தவர்கள் பாடியதை நைனா டேப் ரிக்கார்டரில் பிடித்து வைத்திருக்கிறாரே, அது எந்தக் கம்பெனியிடம் இருக்கும்?

இரண்டு லீவுகளில் உட்கார்ந்து ஆடாசிட்டியில் ஏற்றினேன். அறுபது நிமிட கேசட்டுக்கு அறுபது நிமிடம், குறுக்கு வழியே கிடையாது. எல்லாவற்றையும் தமிழிலேயே பெயரிட்டு ராஸ்பெரி பை என்கிற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரில் போட்டு, எம்பிடியை ஓட விட்டேன். யூனிகோட் என்பதால் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரியாமல் ஒழுங்காகவே வந்தன. (திஸ்கி எழுத்துருவோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும் :-)) ஒரு எச்சரிக்கை. எம்பிடியின் 6600 போர்ட்டை நேரடியாக இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். கடவுச்சொல் வைத்தாலும் அது வெறும் எழுத்தாகத்தான் போகும். பூட்டில்லாத கேஷ் கவுண்டர் மாதிரி. நான் வயர்கார்டு வழியாகத்தான் உள்ளே போகிறேன்.

நைனாவுக்கு ரிமோட்? போன் திரை அவருக்கு உதவாது. கட்டில் சட்டத்தில் ஒரு காலிங்பெல் சுவிட்சை மாட்டி, ராஸ்பெரி பையில் இணைத்து, சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். ஒரு தட்டு, நில். மறுபடி ஒன்று, ஓடு. இரண்டு தட்டு, அடுத்த பாட்டு. சொல்லிக் கொடுக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. "இன்னாடா, என் இன்ஜினையே கொண்டாந்து வச்சிட்டியா" என்றார். நெட் போனாலும் இது வேலை செய்யும், பெட்டி அங்கேயே இருப்பதால். கரண்ட் போய் வந்தாலும் எந்தப் பாட்டில் விட்டோம் என்று எம்பிடி குறித்து வைத்திருக்கும்.

அவர் தட்டுவது இங்கே என் போனிலும் தெரியும். ஊரில் காலை ஆறு என்றால் இங்கே மூன்றரை. நான் எழுந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். பாட்டு மாறியிருந்தால் எழுந்துவிட்டார், சரி. ஒரு நாள் ஊரில் ஒன்பது மணியாகியும் நிறுத்திய பாட்டு நிறுத்தியபடியே இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். நைனா திண்ணையில் யாரோடோ அரசியல் பேசிக்கொண்டிருந்தாராம். கீழேயிருந்து மணி வராத நேரம் எப்படி இருக்கும் என்று அவர் ஒருமுறை சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது.

இன்னொன்றும் கவனித்தேன். திருவிழாப் பதிவில் நான்காவதாக ஒரு குரல் வரும், நல்ல கணீர் குரல். அது ஆரம்பித்ததும் இரண்டு தட்டு. ஒவ்வொரு முறையும். அவர் நைனாவின் சிநேகிதர். பாறை வெடித்துக் கீழேயே போனவர். அன்றைக்கு இன்ஜினில் இருந்தது நைனா.

போனில் கேட்டேன். "நைனா, அந்தப் பாட்டை மட்டும் எடுத்துடட்டுமா? இங்கேயிருந்தே எடுத்துடலாம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எடுக்காதே. அவன் இருக்கட்டும். நான் தாண்டிக்கிறேன்."

எடுக்கவில்லை. இன்னும் 31 கேசட் பாக்கி. அதில் இரண்டின் நாடா ஒட்டிப் போயிருக்கிறது. பிரித்து எடுக்கும் பக்குவம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், டிசம்பரில் ஊருக்குப் போகிறேன்.