கிளீனர் பக்கம்

மாப்பிள்ளை செந்திலுக்கு,

மாமா எழுதுவது. உன் அக்காவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. கடலைக்காட்டுப் பக்கம் போகாதே என்றால் கேட்கிறாளா? நீ குட்டி யானை வண்டியை விற்றுவிட்டுப் பன்னிரண்டு சக்கர டாரஸ் லாரியில் ஏறிவிட்டாய் என்று அவள்தான் சொன்னாள். பாதி பெருமை, பாதி அழுகை. போனில் புத்தி சொன்னால் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடுதாசி.

சங்ககிரியிலிருந்து கொச்சி லைனுக்குக் கிளீனர் இல்லாமல் ஒற்றை ஆளாகப் போகிறாயாமே. ஒரு ஆள் படி மிச்சம் என்று ஓனர் கணக்குப் போட்டிருப்பார். எங்கள் காலத்தில் இடப்பக்கம் முழுக்கக் கிளீனர் பொறுப்பு. தலையை வெளியே நீட்டிக் கதவைத் தட்டி, "வரட்டும், வரட்டும், ஹோல்டான்" என்பான். அந்தக் குரல் உனக்கு இல்லை. போதாததற்கு ஏசி கேபின் வேறு. இப்போது தயாராகிற பெரிய லாரிக்கெல்லாம் அது கட்டாயமாம். நல்லதுதான், இஞ்சின் சூட்டில் வெந்தது எங்களோடு போகட்டும். ஆனால் ஜன்னலை ஏற்றிவிட்டால் பக்கத்தில் வருகிற பைக் சத்தமும் சரியாகக் கேட்காது. ஊருக்குள் நுழைந்ததும் இடது ஜன்னலை இறக்கிவிடு. வேர்த்தால் வேர்க்கட்டும்.

குட்டி யானையில் உட்கார்ந்தபடியே எல்லாம் தெரிந்தது. இதில் இடது கதவுக்குக் கீழே ஒருவன் பைக்கோடு நின்றாலும் தெரியாது. முகப்பை ஒட்டி ஒரு குழந்தை குறுக்கே போனாலும் தெரியாது. பின்பக்கத்தைச் சொல்லவே வேண்டாம். சந்தேகமாக இருந்தால், வண்டியை அணைத்துவிட்டு நீ சீட்டில் உட்கார். வீட்டில் யாரையாவது வண்டியைச் சுற்றி நடக்கச் சொல். அவர் தலை எங்கெங்கே மறைகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் கோடு போடட்டும். இறங்கி வந்து பார், வயிறு கலங்கும்.

எனக்குப் பயமெல்லாம் இடது திருப்பத்தில்தான். பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அதற்காக நீ முதலில் வலப்பக்கம் அகலமாக எடுப்பாய். லாரி வலப்பக்கம் போகிறது, இடதில் வழி கிடைத்தது என்று பின்னால் வருகிற பைக்காரன் புகுந்துவிடுவான். நீ ஒடிக்கும்போது அவன் உன் ரெண்டு சக்கரத்துக்கும் நடுவில். அவனைத் திட்டிப் பயனில்லை, அவன் லாரி ஓட்டியவனில்லை. நீதான் இண்டிகேட்டரை வெகு முன்னாலேயே போட்டு, முடிந்தவரை இடது ஓரத்தை அணைத்தே வந்து, ஆள் நடக்கிற வேகத்துக்கு இறக்கித் திருப்ப வேண்டும். சைடு கண்ணாடியில் தெரிந்த பைக் திடீரென்று காணோம் என்றால், போய்விட்டான் என்று நினைக்காதே. முன்னால் தாண்டியதையும் பார்க்கவில்லை, பின்னால் தங்கியதையும் பார்க்கவில்லை என்றால் அவன் உன் இடுப்போரம்தான் இருக்கிறான். கண்ணில் படும்வரை ஸ்டீயரிங்கை ஒடிக்காதே. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தே களைக்கட்டும்.

சைடு கண்ணாடி தட்டையா, புடைத்ததா என்று கவனித்திருக்கிறாயா? வெளிப்பக்கம் புடைத்த கண்ணாடி அகலமாகக் காட்டும், ஆனால் கிட்டே வருகிறவனையும் தூரத்தில் வருகிறவன் மாதிரி சின்னதாகக் காட்டிவிடும். இடது கதவின் மேலே கீழ்நோக்கிப் பார்க்கிற சின்னக் கண்ணாடி இருக்கும். பலபேர் அதைத் துடைப்பதுகூட இல்லை. கேபின் கம்பம் ஒரு ஆளையே மறைக்கும், திரும்பும்போது முதுகைச் சீட்டிலிருந்து எடுத்து முன்னும் பின்னும் சாய்ந்து எட்டிப் பார். முன் கண்ணாடியில் நீ மாலையும் குஞ்சமும் தொங்கவிட்ட போட்டோவை அக்கா பெருமையாகக் காட்டினாள். சாமி கோபித்துக்கொள்ளாது மாப்பிள்ளை, அதையெல்லாம் டேஷ்போர்டுக்கு இறக்கு.

சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிற சைடு கார்டு வளைந்திருந்தால் சரிசெய்யச் சொல். பைக்காரன் சரிந்தால் சக்கரத்தடியில் போகாமல் தடுக்கிறது அதுதான். டீக்கடையில் நிறுத்திவிட்டு எடுக்கும்போது ஒருதரம் வண்டியைச் சுற்றிவந்து குனிந்து பார். லாரி நிழலில் படுத்துத் தூங்குகிறவர்கள் நம்ம ஆட்களிலேயே எத்தனை பேர்! ரிவர்ஸ் எடுக்க யாரையாவது நிற்கவைத்தால், அவன் கண்ணாடியிலிருந்து மறைந்த நொடியே பிரேக் போடு.

பள்ளிக்கூட வண்டிகளுக்கு முன்னும் பின்னும் கேமரா, கூடவே சென்சாரும் வேண்டுமென்று நம் அரசாங்கமே விதி போட்டிருக்கிறது. உன் ஓனரிடம் இடப்பக்கத்துக்கு ஒரு கேமராவாவது கேட்டுப் பார். முனகினால் எனக்குச் சொல். மஞ்சள் விற்ற காசு கையில் இருக்கிறது, நான் வாங்கி மாட்டித் தருகிறேன். அக்காவிடம் மட்டும் இதைச் சொல்லாதே, அவளுக்கு அந்தக் காசில் வேறு கணக்கு இருக்கிறது.

அன்புடன்,
மாமா