அனுமதி கேட்டு நுழைபவை: வீட்டுக் கணினியும் அமானிதமும்



பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்டு, சலாம் உரைத்த பின்னரே நுழைய வேண்டும் என்பது அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் நமக்குக் கற்றுத்தரும் ஒழுக்கமாகும். அனுமதி கோருதல் விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். மதரஸாவில் இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் பிள்ளைகளிடம் மற்றொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பது என் வழக்கம். உங்கள் வீட்டுக் கணினிக்குள் எட்டிப் பார்க்க யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள்?

பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கேள்வியே விளங்குவதில்லை. பெரியவர்களுக்கும் அப்படித்தான். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இணையத்தைப் பார்க்க நாம் பயன்படுத்தும் உலாவியோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் சிறு நிரல்கள் உண்டு. முற்காலத்தில் இவை செருகுநிரல்கள் எனப்பட்டன. ஃப்ளாஷ், ஜாவா ஆகிய இரண்டும் அவற்றுள் பெயர் பெற்றவை. அரபி எழுத்துகளின் மக்ரஜைப் படம் காட்டிக் கற்பித்த பல தளங்கள் ஒரு காலத்தில் ஃப்ளாஷை நம்பியே இயங்கின. ஆனால், இச்செருகுநிரல்களில் காணப்பட்ட ஓட்டைகள் ஓய்ந்தபாடில்லை. தீய நோக்கம் கொண்டோர் அமைத்த ஒரு பக்கத்தைத் திறந்தாலே போதும், நாம் எதையும் அழுத்தாமலேயே அவர்களுடைய நிரல் நம் கணினியில் இறங்கிவிடும். 2013 ஜனவரியில் ஜாவாவில் வெளிப்பட்ட ஓட்டையைக் கண்டு, உலாவியில் ஜாவாவை முடக்கிவிடுமாறு அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே மக்களுக்கு அறிவுரை கூறியது. குரோம் உலாவி 2015ஆம் ஆண்டு பழைய வகைச் செருகுநிரல்களுக்குக் கதவடைத்தது. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று ஃப்ளாஷுக்கான ஆதரவை நிறுத்தி, 2021 ஜனவரி 12 முதல் அது இயங்காதவாறும் தடுத்துவிட்டது. எனவே இன்று எந்தத் தளமாவது “ஃப்ளாஷைப் புதுப்பியுங்கள்” என்று அழைத்தால், அழைப்பவர் ஏமாற்றுக்காரர் என்று ஐயமின்றி முடிவு செய்யலாம்.

செருகுநிரல்கள் போயின. அவற்றின் இடத்தில் இப்போது நீட்டிப்புகள் அமர்ந்துள்ளன. இவற்றில் ஓட்டை தேடிப் பிறர் நுழைய வேண்டிய அவசியம்கூட இல்லை. “நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவுகள் அனைத்தையும் படிக்கவும் மாற்றவும் அனுமதிக்கிறீர்களா?” என்ற பொருளில் உலாவியே நம்மிடம் கேட்கிறது. நாமும் படிக்காமல் சம்மதித்து விடுகிறோம்.

இது வெறும் கற்பனை அச்சம் அன்று. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தையும் ஓதலையும் திரை வழியே கற்றுக்கொண்டிருந்த காலத்தில், குரோம் நீட்டிப்புகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை வேவு பார்ப்பதாக அவேக் செக்யூரிட்டி என்னும் நிறுவனம் ஜூன் மாதத்தில் வெளிப்படுத்தியது. அவை 3 கோடியே 20 லட்சம் முறைக்கு மேல் பதிவிறக்கப்பட்டிருந்தன. கோப்புகளை வேறு வடிவத்துக்கு மாற்றித் தருவதாகவும், பாதுகாப்பு அளிப்பதாகவும் சொல்லிக்கொண்டு வந்தவை, திரையைப் படம் பிடிக்கவும் தட்டச்சு செய்யும் கடவுச்சொற்களைக் களவாடவும் வல்லவையாக இருந்தன. 2004 முதல் இயங்கிவரும் இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு, அவ்வாண்டு ஜூலைத் தொடக்கத்தில் இதுபற்றி நம் நாட்டு மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது.

தொடக்கத்தில் நல்லதாக இருந்தது பின்னர் கெட்டுப்போவதும் உண்டு. ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற நீட்டிப்பை 20 லட்சத்துக்கும் அதிகமானோர் பயன்படுத்தினர். அதை உருவாக்கியவர் 2020இல் வேறொருவருக்குக் கைமாற்றினார். 2021 பிப்ரவரியில் தீய நிரல் உள்ளதென்று கூகுள் அதை நீக்கியது. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே போலி மின்னஞ்சலில் ஏமாந்ததால், அந்நிறுவனத்தின் நீட்டிப்பு வழியாகவே தீய நிரல் பரவியது. காவல் காப்பவரின் வீட்டிலேயே கன்னம் வைத்தது போன்ற நிகழ்வு அது.

இவையெல்லாம் எங்கோ நடப்பவை என்று இருந்துவிட முடியாது. எங்கள் ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலைக்குச் செல்லும் லாரிகளின் புழுதி படிந்த வீடுகளுக்குள்ளும் கணினி வந்துவிட்டது. சில மாதங்களுக்கு முன், கணவர் வளைகுடாவில் பணிபுரியும் ஒரு சகோதரி, “ஹஜ்ரத், எதைத் தேடினாலும் வேறு ஏதோ பக்கம் வருகிறது” என்று சொல்லி அனுப்பினார். அவருடைய மகனை உடன் வைத்துக்கொண்டு பார்த்தேன். உலாவியில் 14 நீட்டிப்புகள் இருந்தன. அவற்றுள் 9 நீட்டிப்புகள் எல்லாத் தளங்களையும் படிக்கும் அனுமதி பெற்றவை. கோப்பின் அளவைச் சுருக்குவதற்காக ஒன்று, படத்தை மாற்றுவதற்காக ஒன்று என அந்தப் பிள்ளை சேர்த்தவை அவை.

அவன் அவற்றைத் தனக்காகச் சேர்க்கவில்லை என்பதுதான் என் நெஞ்சைத் தைத்தது. அக்கம்பக்கத்தாரின் ஹஜ் விண்ணப்பங்களையும், மாணவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்களையும் கூலி வாங்காமல் நிரப்பித் தரும் நல்ல பிள்ளை அவன். பலருடைய கடவுச்சீட்டு, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள் அக்கணினியில் கிடந்தன. அவனுடைய தந்தை வெயிலில் உழைத்து அனுப்பும் பணத்தின் வங்கிக் கணக்கும் அதே உலாவியில்தான் திறக்கப்பட்டு வந்தது. அல்ஹம்துலில்லாஹ், பணம் எதுவும் போகவில்லை.

ஃபிக்ஹு நூல்களில் ‘வதீஆ’ எனும் பாடம் உண்டு. ஒருவர் நம்மிடம் பாதுகாக்கக் கொடுத்த பொருள் நம் குறையின்றி அழிந்தால் நாம் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. நம்முடைய அலட்சியத்தால் அழிந்தால் பொறுப்பு நம்மைச் சேரும். அலட்சியம் எது என்பதை அப்பொருளைக் காக்கும் வழக்கமான முறையைக் கொண்டே அளக்கிறார்கள். நகையைத் திண்ணையில் வைத்துவிட்டு, “களவு போகும் என்று நினைக்கவில்லை” என்று சொன்னால் ஏற்கப்படுமா? நான் இதை ஃபத்வாவாகக் கூறவில்லை. பிறருடைய ஆவணங்களைக் கணினியில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்த அளவுகோலைத் தம் உள்ளத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றே கூறுகிறேன்.

அன்று அந்த வீட்டில் நாங்கள் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் செய்துகொள்ளலாம்.

முதலாவதாக, உலாவியின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, நீட்டிப்புகள் பகுதியைத் திறந்து, தேவையற்றவை அனைத்தையும் நீக்கினோம். முடக்கி வைப்பதைவிட நீக்குவதே மேல். இரண்டே மிஞ்சின. அவற்றுக்கும் ‘எல்லாத் தளங்களிலும்’ என்றிருந்த அனுமதியை, ‘கிளிக் செய்யும்போது மட்டும்’ என்று மாற்றினோம்.

இரண்டாவதாக, உலாவியையும் விண்டோஸையும் புதுப்பித்தோம். விண்டோஸ் 7, 8.1 ஆகியவற்றுக்கு 2023 பிப்ரவரி முதல் புதிய குரோம் வருவதில்லை. அத்தகைய பழைய கணினியில் பாடம் எழுதலாம். வங்கிப் பணிகளை அதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவதாக, வங்கிக்கென்று நீட்டிப்பே இல்லாத வேறோர் உலாவியை ஒதுக்கினோம். பிள்ளைகளுக்கு நிர்வாக உரிமை இல்லாத தனிக் கணக்கை ஏற்படுத்தினோம்.

நான்காவதாக, நம்பகமான வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறச் செய்தோம். உள்நுழைவு அடையாளத்தைத் திருடியவர் கடவுச்சொல் இல்லாமலேயே நுழைய முடியும் என்பதால், இந்த வெளியேற்றம் மிக முக்கியம்.

ஐந்தாவதாக, வேலை முடிந்த பிறருடைய ஆவணங்களை அழித்தோம். இல்லாத பொருளை எவராலும் திருட முடியாது.

யாருக்கேனும் பணமே பறிபோய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தாமதமின்றிச் சொன்னால் பணத்தை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

அந்த மகன் இப்போதும் ஊராருக்கு விண்ணப்பம் நிரப்பித் தருகிறான். அந்த நற்பணியை நிறுத்த வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மாதத்தின் முதல் வெள்ளியன்று, ஜும்ஆவுக்குப் புறப்படுமுன் நீட்டிப்புகளின் பட்டியலை ஒருமுறை பார்ப்பதாக வாக்களித்திருக்கிறான். உங்கள் வீட்டிலும் இந்த வெள்ளிக்கிழமையே அதைத் தொடங்குங்கள். நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைப் பேணிக் காக்கும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.