மாப்பிள்ளை கொண்டுவந்த டார்ச் லைட்

எங்கள் ஊர்ப் பக்கம் டார்ச் லைட்டுக்கு 'பேட்டரி லைட்டு' என்றுதான் பெயர். அதில் போடும் செல்லுக்குப் பெயர் 'கட்டை'. மூணு கட்டை லைட்டு வைத்திருப்பவர் ஊரில் கொஞ்சம் பெரிய மனிதர். என் அப்பா ரெண்டு கட்டைக்காரர். தகர உடம்பு எவரெடி லைட்டு. முன்னால் தள்ளினால் எரியும் சுவிட்ச், பக்கத்திலேயே ஒரு சின்ன சிவப்புப் பொத்தான். பின் மூடியைத் திருகினால் ஸ்பிரிங்குக்குள் ஒரு உபரி பல்பு உட்கார்ந்திருக்கும். வெளிச்சம் மங்கினால் கட்டைகளை எடுத்து ஓட்டின் மேல் வெயிலில் காயவைப்போம். இன்னும் இரண்டு நாள் ஓடும். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது அப்படிக் காயவைத்தவர்களாகத்தான் இருப்பீர்கள்.

ராத்திரி முறைத் தண்ணீர் வெட்டிவிட அப்பா வயலுக்குப் போகும்போது நானும் பின்னாலேயே போவேன். லைட்டை என் கையில் கொடுப்பார். எதிரே யாராவது வந்தால் நான் ஆசையாக அவர் முகத்தில் அடிப்பேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். "வெளிச்சத்தை ஆள் மூஞ்சியில அடிக்காதடா. காலடியில அடி. மூஞ்சி தெரிஞ்சு என்ன பண்ணப்போற, பாம்பு காலடியிலதான் கிடக்கும்" என்பார். அந்த வார்த்தை அறுபது வருஷம் கழித்து என்னைச் சுட்டது. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

2018 நவம்பரில் கஜா அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தெருவில் மூன்று வாரம் கரண்ட் இல்லை. வீட்டில் இருந்த பிளாஸ்டிக் சார்ஜ் லைட்டுகள் இரண்டாம் நாளே கண்ணை மூடிவிட்டன. அமெரிக்காவில் இருக்கும் மகள் போனில் அழுதாள். மாப்பிள்ளை மட்டும், "மாமா, அடுத்த தடவை வர்றப்ப உங்களுக்கு ஒரு நல்ல டார்ச் கொண்டு வர்றேன்" என்றார். சொன்னதை மறக்காமல் 2023 ஜனவரியில் வந்தபோது கொண்டுவந்தார்.

கடிகாரப் பெட்டி மாதிரி ஒரு மரப்பெட்டி. உள்ளே சாண் நீளத்துக்கும் குறைவான ஒரு டார்ச். உடம்பு முழுக்க டைட்டானியம். அங்கே ஒரு மனிதர் தன் வீட்டுக் கொட்டகையில் ஒரு லேத்தை வைத்துக்கொண்டு, தனி ஆளாகக் கடைந்து, ஒவ்வொன்றிலும் எண் பொறித்து விற்கிறாராம். மாசத்துக்கு ஏழெட்டு செய்தால் அதிகம். வாங்குகிறவர்கள் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். விலையை மாப்பிள்ளை சொல்லவில்லை. மகள்தான் ரகசியமாகச் சொன்னாள், நானூற்றைம்பது டாலர். எனக்குத் தலை சுற்றியது.

நான் சர்க்கரை ஆலையில் எலெக்ட்ரிகல் பிரிவில் 33 வருஷம் இருந்தவன். பக்கத்துக் கொட்டகைதான் லேத் ஷாப். அதனால் கடைசல் வேலையைப் பார்த்தால் நல்லது கெட்டது தெரியும். இந்த டார்ச் நல்ல வேலை. மரை மூன்று சுற்றில் உட்கார்ந்துவிடும், தலைக்கும் உடம்புக்கும் நடுவே நகம் நுழையாது. ஒருவர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த பொருள் என்று தொட்டவுடனே தெரிந்தது. வெளிச்சமோ இரண்டாயிரம் லூமன் என்றார்கள். அப்பாவின் ரெண்டு கட்டை லைட்டு பத்து, இருபது லூமன் கொடுத்திருந்தால் பெரிது. மொட்டை மாடியிலிருந்து அடித்தால் கோயில் கோபுரத்துக் கலசம் தெரிந்தது. ஒரு வாரம் தெருவில் எனக்குத் தனி மரியாதை.

என் மனைவி மட்டும் அதைத் தொடவில்லை. "எனக்கு அந்தப் பழைய லைட்டே போதுங்க. அது எங்க அமுக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றாள். நான் சிரித்தேன். பழையதைப் பரணில் போட்டுவிட்டு, புதியதை அவள் தலைமாட்டில் வைத்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி. நல்ல மழை. ராத்திரி இரண்டு மணி இருக்கும், கரண்ட் போனது. அவள் பாத்ரூம் போக எழுந்தாள். அவளுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொரு கண் பாக்கி. "இரு, லைட் போடறேன்" என்று தடவி எடுத்து அமுக்கினேன். அந்த டார்ச் கடைசியாக எந்த வெளிச்சத்தில் அணைத்தோமோ அதே வெளிச்சத்தில்தான் எரியும். அதற்கு ஞாபகசக்தி. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன் வாங்கி, உச்ச வெளிச்சத்தில் விளையாடிவிட்டு அப்படியே அணைத்து வைத்திருக்கிறான். இரண்டாயிரம் லூமனும் திரும்பிய அவள் முகத்தில் அடித்தது. "ஐயோ" என்று கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு அடி வைத்தாள். வாசற்படி தடுக்கி விழுந்துவிட்டாள்.

வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது மார்கழி பிறந்துவிட்டது, ஆனால் விரல் மடங்கவில்லை. நாற்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் வாசலில் மார்கழிக் கோலத்தை வேறொருத்தி போட்டாள். எதிர்வீட்டுப் பெண், பாவம், தினமும் வந்து போட்டுக் கொடுத்தாள். என் மனைவி படியில் உட்கார்ந்து புள்ளி எண்ணிச் சொல்லிக்கொண்டிருப்பாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விஷயம் தெரிந்து மாப்பிள்ளை போனில் தழுதழுத்தார். "மாமா, அந்த லைட்டைத் தூக்கிப் போட்டுடுங்க" என்றார். "தூக்கிப் போட வேண்டாம் மாப்பிள்ளை. செஞ்சவர் நல்ல வேலைக்காரர். என்ன மாத்தினா சரியா வரும்னு நான் எழுதித் தர்றேன், நீங்க அவருக்கு இங்கிலீஷ்ல அனுப்புங்க" என்றேன். ஆலையில் மோட்டார் எரிந்தால் அறிக்கை எழுதுவோம் இல்லையா, அந்த மாதிரி நான்கு பக்கம் எழுதினேன். அதன் சாரம் இதுதான்.

முதலாவது, ஞாபகசக்தி வேண்டாம். எப்போது அமுக்கினாலும் நிலா வெளிச்சம் போலத் தாழ்வாக ஆரம்பிக்கட்டும். அமுக்கிப் பிடித்தால் மெல்ல ஏறட்டும். உச்ச வெளிச்சம் வேண்டுமென்றால் இரண்டு தடவை அமுக்கட்டும். அது கேட்டு வாங்க வேண்டிய பொருள், தானாக வந்து விழக் கூடாது.

இரண்டாவது, சூடு. டைட்டானியம் பார்க்க அழகு, துருப்பிடிக்காது, செம்பில் பாதி எடைதான். ஆனால் சூட்டைக் கடத்துவதில் இந்தக் கலப்பு டைட்டானியம் செம்பில் அறுபதில் ஒரு பங்குதான். அலுமினியத்தோடு பார்த்தாலும் இருபதில் ஒரு பங்கு தேறாது. எல்.இ.டி.யில் பிறக்கும் சூடு வெளியே போக வழியில்லாமல் தலையிலேயே தங்கிவிடுகிறது. எல்.இ.டி.யின் ஆயுளும் குறையும், தலைப்பாகம் தொட முடியாமல் கொதிக்கவும் செய்யும். எனக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. விரல் நுனி பாதி மரத்துப் போனது. சுடுவது தெரிவதற்குள் கொப்புளம் வந்துவிடும். எனவே எல்.இ.டி.க்கு அடியில் கெட்டியான செம்புத் துண்டு வையுங்கள், சூடு ஏறினால் வெளிச்சம் தானாக இறங்கட்டும் என்று எழுதினேன்.

மூன்றாவது, வெளிச்சத்தின் நிறம். அதில் இருந்தது நீலம் கலந்த வெள்ளை. புரை விழுந்த கண்ணில் வெளிச்சம் சிதறும், அதிலும் நீலம் அதிகம் கூசும். இன்னொன்று, அந்த வெளிச்சத்தில் என் மாத்திரைகளில் ரோஸ் நிறத்துக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பழைய குண்டு பல்பில் நிறமெல்லாம் சரியாகத் தெரியும். நிறத்தை உள்ளபடி காட்டுவதற்கு சி.ஆர்.ஐ. என்று ஒரு மதிப்பெண் உண்டு. குண்டு பல்புக்கு அது கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு. 90க்கு மேல் வாங்கும் எல்.இ.டி.கள் இப்போது கிடைக்கின்றன. அதைப் போடுங்கள், நிறமும் 4000 கெல்வின் பக்கம் கொஞ்சம் மஞ்சளாக இருக்கட்டும், லூமன் குறைந்தால் பரவாயில்லை என்றேன். நடுவில் ஊசி மாதிரிக் குத்தும் வெளிச்சமும் வீட்டுக்கு ஆகாது. பரவலாக விழ வேண்டும்.

நான்காவது, சார்ஜ். பழைய கட்டை மங்கி மங்கிச் சொல்லிவிட்டுத்தான் போகும். லித்தியம் செல் அப்படியில்லை. நிறைந்தால் 4.2 வோல்ட். உள்ளே இருக்கும் சர்க்யூட் வெளிச்சத்தைக் கடைசி வரை ஒரே மாதிரி பிடித்து வைத்துவிட்டு, 3 வோல்ட் பக்கம் வந்ததும் பட்டென்று அணைத்துவிடும். நடுவழியில் இருட்டு. அணைப்பதற்கு முன்னால் இரண்டு தடவை சிமிட்டட்டும், பிறகு தாழ்ந்த வெளிச்சத்தில் ஒரு கால் மணி நேரமாவது எரியட்டும்.

ஐந்தாவது, மரை. டைட்டானியத்தோடு டைட்டானியம் உரசினால் பிடித்துக்கொள்ளும். கிரீஸ் காய்ந்துவிட்டால் என் கைக்குத் திருகவே வரவில்லை. பின் மூடியைப் பித்தளையில் செய்தால் இந்தத் தொல்லை குறையும். செல்லை எந்தப் பக்கம் போடுவது என்று உள்ளே பெரிதாகப் பொறிக்கவும் வேண்டும். பழைய பல்புக்குப் பிளஸ் மைனஸ் தெரியாது, இதற்குத் தெரியும்.

ஆறாவது, உருளாத உடம்பு. கட்டிலிலிருந்து இரண்டு தடவை உருண்டு விழுந்தது. தலையில் ஒரு பக்கம் தட்டையாக இருந்தால் போதும். அழகுக்காகப் பக்கவாட்டில் ட்ரிட்டியம் அடைத்த ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் பதித்திருக்கிறார். மின்சாரம் இல்லாமலே மின்மினி மாதிரி ஒளிரும், பன்னிரண்டு வருஷம் கழித்தும் பாதி வெளிச்சம் இருக்கும். அருமையான பொருள். அதை சுவிட்ச் மேல் வைத்தால் இருட்டில் கை நேராக அங்கே போகும் அல்லவா!

கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். "குற்றம் உங்களுடையது மட்டுமல்ல. அமுக்குவதற்கு முன் லைட்டைத் தரையைப் பார்த்துப் பிடித்திருக்க வேண்டும். என் தகப்பனார் சொல்லியிருக்கிறார், நான் மறந்துவிட்டேன்."

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மாப்பிள்ளை படித்துச் சொன்னார். அந்த மனிதர் செய்கிற டார்ச்சில் பெரும்பாலானவை கண்ணாடி அலமாரிக்குள்தான் போகின்றனவாம். மேலே கீறல் விழுந்தது என்று எழுதியவர்கள் உண்டு, எழுபது வயதுக் கைக்குத் திருக வரவில்லை என்று எழுதியது நான்தானாம். தன் அம்மாவிடம் ஒன்றைக் கொடுத்து ஒரு வாரம் வைத்திருக்கச் சொன்னாராம். அந்த அம்மாவும் முதல் நாளே ஞாபகசக்தியைத்தான் திட்டினார்களாம். உடம்பை டைட்டானியத்திலிருந்து மாற்ற மாட்டேன், என் கை அதில்தான் பழகியது என்று சொல்லிவிட்டார். அது நியாயம்தான். மற்றதில் முக்கால்வாசியை ஒத்துக்கொண்டு, புதிய தலையும் பித்தளை மூடியும் காசு வாங்காமல் அனுப்பினார். போன வருஷம் மகள் வந்தபோது கொண்டுவந்தாள். நானே உட்கார்ந்து மாட்டினேன்.

இப்போது அமுக்கினால் அகல் விளக்கு மாதிரி ஆரம்பிக்கிறது. சுவிட்ச் மேல் பச்சையாக ஒரு புள்ளி. செங்குத்தாக நிற்கவைத்தால் வெளிச்சம் கூரையில் பட்டு அறை முழுக்கப் பரவுகிறது. கண் கூசுவதில்லை. மாத்திரை நிறமும் தெரிகிறது.

மனைவி ஒரு நாள் எடுத்து அமுக்கிப் பார்த்தாள். "இது பரவாயில்லங்க" என்றாள். ஆனாலும் பரணிலிருந்து பழைய ரெண்டு கட்டை லைட்டை இறக்கித் தரச் சொல்லி, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. புதுக் கட்டை வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். மார்கழிக் கோலமும் இப்போது அவளேதான் போடுகிறாள். சிக்குக் கோலம் மட்டும் இன்னும் வரவில்லை.

நண்பர்களே, உங்கள் பிள்ளைகளும் விலை உயர்ந்த டார்ச் வாங்கிக் கொடுத்திருக்கலாம். இன்றைக்கு ராத்திரி படுக்குமுன் அதை ஒரு தடவை தரையைப் பார்த்துப் பிடித்து அமுக்கிப் பாருங்கள். எவ்வளவு வெளிச்சத்தில் ஆரம்பிக்கிறது, சார்ஜ் இருக்கிறதா, இருட்டில் கைக்கு சுவிட்ச் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரம்மாவிடமும் கொடுத்து அமுக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

மறுபடி சந்திப்போம்.