திருப்பதி போகும் வழியில் பந்தயக் கார்கள்

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகும் பஸ் சோழவரத்தைத் தாண்டுகிறது. சித்தூர் போகும் பஸ், இருங்காட்டுக்கோட்டையை. இரண்டும் கார் பந்தயத்துக்குப் பேர்போன ஊர்கள். மொட்டை போடக் கிளம்பிய பயணிகளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

சோழவரத்தில் பந்தயம் நடந்தது, இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில். இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலம். மகாராஜாக்களையும் தொழிலதிபர்களையும் விட்டால், மற்றவர்களுக்கு வீட்டு ஷெட்டில் பிரித்துப்போட்ட ஃபியட்டும் ஹெரால்டும்தான் கதி. எஞ்சினிலேயே காசு கரைந்துவிடும். பெயின்ட்டுக்கு மிச்சம் மீதிதான். ஒடுக்கெடுத்து, பட்டி பூசி, வாட்டர் பேப்பரில் தேய்க்க வேண்டும். தூசி எழாமல் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு ஸ்ப்ரே. சீக்கிரம் காய்கிறதே என்று என்.சி. பெயின்ட் அடித்தால், காற்றில் ஈரம் இருக்கும் நாளில் அது பால் படிந்ததுபோல் வெளுத்துவிடும். பட்டியைத் தாராளமாக அப்பினாலோ எடை கூடும். பந்தயக்காரனுக்கு இதுதான் பெரிய கவலை, பளபளப்பு அல்ல.

இந்த அவஸ்தைக்கு வழி கண்டவர் கோவை கரிவரதன். 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சின், இரும்புக் குழாய்ச் சட்டம், ஃபைபர் கிளாஸ் பாடி என்று ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். எல்லாருக்கும் ஒரே கார். எனவே பணத்தைவிட ஓட்டும் கைக்கு மதிப்பு.

1990ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது. சோழவரம் ஓய்ந்தது. ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன்னை எட்டினார். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995லேயே விமான விபத்தில் இறந்துவிட்டார்.